வரப்புக்குக் குறுக்கே கிடந்த கல்மரம்

நிமிர்ந்த நடையும் நேர்கொண்ட சொல்லுமாய் நெடுங்காலம் மாணவர்களுக்குத் தமிழ் தந்து, இன்று இந்த அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் புலவர் திருநாவுக்கரசு ஐயா அவர்களே! வாசகர் மன்றத்தை வாடாமல் வளர்த்துவரும் செயலாளர் ஜெயராணி அம்மையார் அவர்களே! செம்மண்டலத்திலிருந்து சிற்றுந்து பிடித்தும், குமராட்சியிலிருந்து கூட்டமாய்க் கிளம்பியும், அண்ணாகிராமத்திலிருந்து அதிகாலையிலேயே புறப்பட்டும் வந்து இந்தத் தெற்கு வீதி மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலை வீட்டு ஆண்களிடம் ஒப்படைத்துவிட்டுத் துணிச்சலோடு வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வணங்கி என் உரையைத் தொடங்குகிறேன்.

என்ன, பின்வரிசையில் கேட்கவில்லையா? மைக்கைக் கொஞ்சம் ஏற்றுங்கள் தம்பி. இப்போது கேட்கிறதா? நல்லது.

என் பெயர் நிலோஃபர். பறங்கிப்பேட்டைப் பெண். கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவள். கல்லைப் படித்து, கல்லைப் பற்றிப் பேசி, கல்லாலேயே சோறு சாப்பிடுகிறவள். என் வாப்பா துணிக்கடை வைத்திருந்தவர். நான் கல்லைப் படிக்கப் போகிறேன் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "துணிய வித்தா யாராவது வாங்குவாங்க. கல்லை யாரும்மா வாங்குவா?" என்றார். கல்லை வாங்கவும் ஒருவர் வந்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன், காலம் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடுவோமா? நம் வீட்டில் ஐம்பது வருடப் பாத்திரம் இருந்தால் அதைப் பழசு என்கிறோம். நூறு வருடக் கட்டடம் என்றால் ரொம்பப் பழசு என்கிறோம். இந்தப் பூமிக்கு வயது ஏறக்குறைய நானூற்று அறுபது கோடி ஆண்டுகள்! சொல்ல வாய் இருக்கிறது. எண்ண விரல் இருக்கிறதா? நினைக்க நெஞ்சு இருக்கிறதா?

ஆகவே ஒரு பேருந்தில் ஏறுங்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய நாற்பத்தாறு கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்குப் பத்துக் கோடி ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலூர்ப் பேருந்து நிலையத்தில் வண்டி கிளம்பும்போது பூமி பிறக்கிறது. கொதிக்கிற குழம்பு, குடிக்க நீரில்லை, சுவாசிக்கக் காற்றில்லை. பத்துப் பதினோரு கிலோமீட்டர் தாண்டும்போது, கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒன்று கடல் நீரில் கண் விழிக்கிறது. அதன்பின் என்ன நடக்கிறது? ஒன்றுமில்லை! ஆலப்பாக்கம் போகிறது, புதுச்சத்திரம் போகிறது, பாதிப் பயணம் போகிறது. கடலில் அந்தக் கண்காணா உயிர்களைத் தவிர வேறு யாருமில்லை. நடத்துநர் கூட விசில் ஊத மறந்து தூங்கிவிடுவார். வெள்ளாற்றுப் பாலத்தை ஒட்டித்தான் ஓடு போர்த்திய உயிர்கள், கால் முளைத்த உயிர்கள், கண் திறந்த உயிர்கள் கடலை நிறைக்கின்றன. பிறகுதான் மீன். பிறகுதான் மரம். பிறகுதான் ஊர்வன. சிதம்பரத்துக்குள் நுழையும்போது டைனோசர் நடக்கிறது. இந்த மண்டபத்துக்கு அறுநூற்று அறுபது மீட்டர் தொலைவில் அது மடிகிறது. மனிதன்? மனிதன் எங்கே? இதோ, இந்த மேடைக்குக் கீழே போட்டிருக்கிற முதல் நாற்காலி வரிசையில், கடைசி மூன்று மீட்டருக்குள் வந்து உட்காருகிறான்! உட்கார்ந்ததும் என்ன சொல்கிறான்? "இது என் இடம்" என்கிறான்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவள்தான்.

யாரோ கை தூக்குகிறார். சொல்லுங்கள் அண்ணே. "டைனோசர் எங்க குமராட்சியில இருந்துச்சா மேடம்?" நல்ல கேள்வி. அண்ணே, உங்கள் ஊர் மண் கொள்ளிடம் கொண்டுவந்து கொட்டிய மண். வெள்ளம் வரும்போதெல்லாம் உங்களைத் திண்டாட வைக்கிற அதே ஆறு, விரித்துப் போட்ட மண். நெல்லுக்குப் பொன் போன்றது, வயதிலே பச்சைப்பிள்ளை. டைனோசர் எலும்பு தேட வேண்டுமென்றால் மேற்கே அரியலூர்ப் பக்கம் போக வேண்டும். குமராட்சியில் தோண்டினால் உங்களுக்குக் கிடைப்பது தண்ணீர்தான். அதுவும் இப்போது குறைச்சல்தான் என்கிறீர்களா? சரி, சரி.

அவையோரே, இந்த நீண்ட பயணத்துக்குச் சாட்சி யார்? எழுதி வைத்தவர் உண்டா? படம் பிடித்தவர் உண்டா? இல்லை. மண் மட்டும்தான் சாட்சி. மடிந்த உயிர்கள் எல்லாம் மட்கிப் போயின. மிகமிகச் சில மட்டும் மண்ணுக்குள் கல்லாகி நின்றன. அவற்றைத்தான் தொல்லுயிர் எச்சம் என்கிறோம். ஓடாகக் கிடைக்கலாம், எலும்பாகக் கிடைக்கலாம், இலை பதிந்த தடமாகக் கிடைக்கலாம். மரமாகவும் கிடைக்கலாம். திருவக்கரைக்குப் போனவர்கள் கல்மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதே செம்மண், அதே மணற்பாறை, பண்ருட்டி முந்திரிக் காடுகளுக்கு அடியிலும் படுத்துக் கிடக்கிறது.

அண்ணாகிராமத்துக்கு அருகே ஒரு சிற்றூர். அங்கே சின்னையன் என்றொரு விவசாயி இருந்தார். அவர் இப்போது இல்லை. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவர் பவானி, இளையவர் ரேகா. சாகும் முன் தன் முந்திரித் தோப்பை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். வடக்குப் பாதி பவானிக்கு, தெற்குப் பாதி ரேகாவுக்கு. நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பின் மேலேயே, நட்டநடுவில், ஒரு பலாமரம். நிலத்தைப் பிரித்தவர் மரத்தைப் பிரிக்க மறந்துவிட்டார்!

பலா வடக்குப் பக்கம் காய்த்தால் பவானிக்குக் கோபம் இல்லை, ரேகாவுக்குக் கோபம். தெற்குப் பக்கம் காய்த்தால் ரேகாவுக்குக் கோபம் இல்லை, பவானிக்குக் கோபம். ஒரு பழத்தில் தொடங்கிய பேச்சு, ஒரு பருவத்தில் ஏச்சாகி, ஒரு வருடத்தில் பேச்சே இல்லாமல் போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்! பவானி தன் மகளுக்குக் கல்யாணம் செய்தார். தங்கைக்குப் பத்திரிகை போகவில்லை. ரேகா மஞ்சள் காமாலையில் மருத்துவமனையில் கிடந்தார். அக்காள் வாசல் வரை வந்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கிணற்றில் நீர் இறைத்தவர்கள், எதிரெதிரே வந்தால் எருக்கஞ்செடியைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

இதையெல்லாம் அவர்கள் இருவரும் சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறேன். அதோ, இரண்டாவது வரிசையில், ஊதாப் புடவையில் ஒருவர், பச்சைப் புடவையில் ஒருவர். கைதட்ட வேண்டாம், இன்னும் கதை முடியவில்லை.

பிறகு புயல் வந்தது. புயலைப் பற்றிக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வந்து போன மறுநாள் காலையில் பவானி தோப்புக்குப் போனார். ஒரு முந்திரிகூட நிற்கவில்லை. அத்தனையும் வேரோடு சாய்ந்து, வானத்தைப் பார்த்துக் கிடந்தன. ரேகாவின் பக்கம் பள்ளத்தில் இருந்ததால் பாதிக்கு மேல் பிழைத்திருந்தன. அந்தப் பலா? அந்தப் பலாவும் போய்விட்டது. வண்டிச்சக்கரம் போல வேர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு, வரப்பைப் பிளந்துகொண்டு விழுந்து கிடந்தது.

சண்டைக்குக் காரணமான மரம் போய்விட்டதே, இனிச் சமாதானம்தானே என்று ஊர் நினைத்தது. நீங்களும் நினைக்கிறீர்கள். அந்தப் பலாவின் வேர் பெயர்ந்த குழியில் இன்னொரு மரம் கிடந்தது! கல்மரம். பழுப்பும் செம்மையும் கலந்த கல்மரம். பட்டை உரிந்து, கிளை ஒடிந்து, ஆனால் நாரோட்டம் மாறாமல் நீண்டு கிடந்த கல்மரம். எப்படிக் கிடந்தது தெரியுமா? வரப்புக்குச் சரியாகக் குறுக்கே! ஒரு பாதி அக்காள் நிலத்தில். மறு பாதி தங்கை நிலத்தில்.

போய்ப் பார்க்கச் சொல்லி எனக்குத் தகவல் வந்தது. போனேன். குழிக்கு அந்தக் கரையில் பவானி, இந்தக் கரையில் ரேகா. நடுவில் ரேகாவின் கணவர் அன்புமணி, சிற்றுந்து ஓட்டுகிறவர். அன்றைக்கு அவருக்கு வேறு வேலை. அக்காள் சொல்வதைத் தங்கைக்கும் தங்கை சொல்வதை அக்காளுக்கும் எடுத்துச் சொல்லும் வேலை. இருவருக்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லை!

பவானி சொன்னார்: "தம்பி, ஒங்க வீட்டுல சொல்லி வைங்க. தலைப்பக்கம் எங்க நெலத்துல இருக்கு. மரம் எங்களுதுதான்."

ரேகா என்னைப் பார்த்துச் சொன்னார்: "மேடம், அவுங்ககிட்ட சொல்லுங்க. தலை எங்க வேணா சாயும். வேர்ப்பக்கம் என் கொல்லையிலதான் இருக்கு. வேர் எங்க இருக்கோ அவுங்களுக்குத்தான் மரம்."

நான் குழிக்குள் இறங்கி, அடியிலிருந்து நுனி வரை தடவிப் பார்த்துவிட்டு ஏறி வந்தேன். "அம்மா, இதற்கு வேரே இல்லை. இந்த மரம் இங்கே முளைக்கவில்லை" என்றேன்.

இருவருக்கும் முகம் சுருங்கிவிட்டது. அப்போதுதான் முதல் முறையாக அக்காளும் தங்கையும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "அப்புறம்?"

சொன்னேன். ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பு, மேற்கே எங்கோ ஒரு காட்டில் இது ஓங்கி நின்றது. மனிதன் இல்லை, மனிதனின் பேச்சும் இல்லை, பெயரும் இல்லை. பெருமழை பெய்தது. பேராறு பெருகியது. கரை அரித்தது. மரம் சரிந்தது. வெள்ளம் அதை உருட்டிக்கொண்டு வந்தது. வரும் வழியில் வேர் முறிந்தது, கிளை ஒடிந்தது, பட்டை உரிந்தது. வெள்ளம் வடிந்தபோது இந்த இடத்தில் இறக்கிவிட்டுப் போனது. மட்குவதற்குள் மணல் மூடியது. மணலில் கசிந்த நீர், தான் கரைத்து வந்த கற்சத்தை மரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து வைத்தது. நார் இருந்த இடத்தில் கல். நீரோடும் குழல் இருந்த இடத்தில் கல். மரத்தின் உடம்பு போனது. உருவம் அப்படியே நின்றது!

பவானி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "இதுவும் சாஞ்சு விழுந்த மரந்தானா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் திரும்பி, சாய்ந்து கிடந்த தன் முந்திரிகளை ஒரு பார்வை பார்த்தார்.

தண்டின் பக்கவாட்டில் ஒரு துளை இருந்தது. விரல் நுழையும் அளவு. உள்ளே வளைந்து வளைந்து போனது. "இது ஏதோ பூச்சி குடைந்த வழி, அதுவும் சேர்ந்தே கல்லாகிவிட்டது" என்று காட்டினேன். தண்டு துளைக்கும் புழுவோடு ஆண்டு முழுதும் மல்லுக்கட்டுகிற முந்திரிக்காரர்கள் அல்லவா இருவரும்! ரேகா குனிந்து பார்த்தார். "அடப்பாவி, அப்பவே இந்தச் சனியன் இருந்துச்சா!" என்றார். அந்தக் கரையில் பவானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கை பேச்சுக்கு அக்காள் சிரிப்பதா? கௌரவம் என்ன ஆவது?

அவையோரே, இதோடு முடிந்திருந்தால் இது வேடிக்கைக் கதை. முடியவில்லை. சில வாரங்களில் ஒரு வியாபாரி வந்தார். கடற்கரையோரம் எங்கோ கட்டிக்கொண்டிருக்கும் விடுதித் தோட்டத்துக்கு அலங்காரக் கல் தேடுகிறவர். கல்மரத்தைப் பார்த்தார், கண்கள் விரிந்தன. ரேகாவிடம் கேட்டார், ரேகா முடியாது என்றார். பவானியிடம் கேட்டார், பவானி தலையாட்டினார். "அவுங்க பாதி அவுங்களோட இருக்கட்டும். என் பாதிய அறுத்து எடுத்துட்டுப் போங்க!"

எனக்கு அன்புமணி போன் செய்தார். "மேடம், பொக்லைன் வந்துடுச்சு. அறுக்கிற மிஷினும் வந்துடுச்சு. ஒடனே கெளம்பி வாங்க மேடம்." வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். நான் போய்ச் சேரும்போது வானம் கறுத்திருந்தது. பவானியின் பக்கம் கல்மரத்துக்கு அடியில் பொக்லைன் ஆழமாகத் தோண்டியிருந்தது, கிரேன் கயிறு கோப்பதற்காக. ரேகாவின் பக்கம் ஒரு பிடி மண்கூட எடுக்கவில்லை.

நான் பவானியிடம் பேசினேன். இரண்டு கோடி ஆண்டு என்றேன். நாட்டுக்கே அரிய செல்வம் என்றேன். நாளைய பிள்ளைகள் என்றேன். எனக்குத் தெரிந்த தமிழ் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மேடம், புயலுல என் மரம் அத்தனையும் போச்சு. கன்னு வச்சி அது காய்க்கிற வரைக்கும் நான் எதைத் தின்னறது? எனக்குன்னு மிஞ்சினது இது ஒண்ணுதான். இதையும் உட்டுடுன்னா சொல்றீங்க?"

என்ன பதில் சொல்வேன்? சொல்லுங்கள், நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவள் நான். மரம் விழுந்தால் வாழ்வே விழுகிறவர் அவர்.

அறுக்கும் இயந்திரத்தை இறக்கினார்கள். அப்போது மழை பிடித்தது. சடசடவென்று, கல்லெறிவது போல மழை. எல்லாரும் ஓடி வண்டிக்கடியில் ஒதுங்கினார்கள். பவானி மட்டும், குழிக்குள் கிடந்த தன் மண்வெட்டியை எடுக்க இறங்கினார். எங்கள் செம்மணற்பாறையின் குணம் உங்களுக்குத் தெரியும். காய்ந்திருந்தால் சுவர் போல நிற்கும், நனைந்தால் சர்க்கரை போலச் சரியும். கரை சரிந்தது. ஒரு சத்தம்கூட இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பவானி மார்பு வரை மண்ணுக்குள் இருந்தார். இரண்டு கையாலும் கல்மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பொக்லைன் ஓட்டுநர் பதறி வண்டியைக் கிளப்பினார். "வேண்டாம்! வண்டி அசைந்தால் மற்றக் கரையும் சரியும்!" என்று நான் கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் என் பக்கத்தில் நின்ற ஒருவர் குழிக்குள் குதித்துவிட்டார். யார்? யாராக இருக்கும்?

ரேகாதான்!

"அக்கா! அக்கா! மூச்ச வுடு. நான் வந்துட்டேன்!"

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வாயில் வராத சொல், அவையோரே! அதற்கு அக்காளின் பதில் என்ன தெரியுமா? "வந்துட்டியா கண்ணு" என்றா சொன்னார்? இல்லை. "நீ ஏன்டி எறங்குன? மேல மண்ணு தொங்குதுடி! ஏறுடி மேல!"

"நீ வாய மூடு! கைய மட்டும் உட்டுடாத!"

"ஒனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குடி, ஏறுடி!"

என்னம்மா? அதோ, பவானி அம்மா எழுந்து ஏதோ திருத்துகிறார். "நான் ஏறுடின்னு சொல்லல மேடம், போடி நாயேன்னுதான் சொன்னேன்!" கேட்டீர்களா? அவைக்காக நான் கொஞ்சம் நாகரிகப்படுத்திவிட்டேன்; அவரே உண்மையைச் சொல்லிவிட்டார்!

கையால் தோண்டினோம். அன்னக்கூடையால் அள்ளினோம். அன்புமணி, நான், வண்டி ஓட்டுநர், வியாபாரியின் ஆட்கள், ஆம், அவர்களும்தான், கிரேன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி அள்ளினார்கள். ரேகா மட்டும் ஒரு கணமும் மேலே வரவில்லை. அக்காளின் முகத்தில் மண் விழாமல் தன் முதுகைக் கொடுத்துக் குனிந்து நின்றார். மழை விட்டது. பவானியை மேலே தூக்கினோம். ஒரு கால் முறிந்திருந்தது; உயிர் இருந்தது. தங்கை தோளில் சாய்ந்துகொண்டு, "கால் வலிக்குதுடி, மெதுவா இழு" என்றார். ரேகா அப்போதுதான் அழுதார்.

இப்போது நிலவியல் படித்தவளாக ஒன்று சொல்கிறேன், அமைதியாகக் கேளுங்கள். மண் அத்தனையும் சரிந்த அந்த வேளையில், அடி தோண்டப்பட்டு அந்தரத்தில் நின்ற அந்தக் கல்மரம் ஏன் உருண்டு பவானியின் மேல் விழவில்லை? அதன் மறுபாதி, ரேகாவின் நிலத்தில், தோண்டாத இறுகிய மண்ணுக்குள் கிடந்தது. தங்கை பக்கத்துப் பாதி, அக்காள் பக்கத்துப் பாதியைத் தாங்கிப் பிடித்தது. மழை சற்றுத் தாமதமாக வந்து, அறுத்து முடித்திருந்தால்? அந்தப் பாதி அப்படியே உருண்டிருக்கும். இன்று இரண்டாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்திருக்கும்.

இதை நான் மருத்துவமனையில் பவானியிடம் சொன்னேன். சில நாள் கழித்து வியாபாரி பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நல்ல மனிதர்தான், தொழில் அவருக்கு.

பவானி சொன்னார்: "அறுக்க வேணாங்க. அது முழுசாத்தான் இருக்கணும்."

வியாபாரிக்கு மகிழ்ச்சி. "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து குடுத்துடுங்கம்மா. முழுசா நானே எடுத்துக்கறேன்."

"முழுசுன்னா, அது கெடக்கிற எடத்தோட முழுசுங்க. அதை எப்படி எடுத்துட்டுப் போவீங்க?"

அவர் பழத்தை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

சரி, வயிறு? தோப்பு போன பெண்ணுக்கு வயிறு என்ன ஆயிற்று? அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிக் கதை சொன்னவளாவேன். அந்தப் பங்குனியில் ரேகாவின் தோப்பில் பிழைத்த முந்திரிகள் பழுத்தன. ரேகா அக்காள் வீட்டு வாசலில் போய் நின்று, "கொட்ட பொறுக்க ஆள் வரல. வரியா?" என்று மட்டும் கேட்டார். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு பவானி வந்தார். மரத்தடியில் உட்கார்ந்து பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுத்தார். மாலையில் ரேகா கூடையைச் சரிபாதியாகக் கொட்டினார். "இது எதுக்குடி?" என்றார் அக்காள். "நீ பேசாம தூக்கிட்டுப் போ" என்றார் தங்கை. அடுத்த பருவமும் அப்படித்தான். பவானியின் புதுக்கன்றுகள் காய்க்கும் வரை அப்படித்தான் என்று ரேகா முடிவு செய்திருக்கிறார். அக்காளிடம் கேட்கவில்லை, அறிவித்துவிட்டார்!

கல்மரம் அங்கேயே கிடக்கிறது. குழியைச் சரித்துப் படி வெட்டி, மேலே தகரம் போட்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். விளக்கிச் சொல்வது யார்? இரண்டு பேரும்தான். வெள்ளம் கொண்டுவந்த கதையைப் பவானி சொல்வார். பூச்சி குடைந்த கதையைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறார் ரேகா. அக்காள் தப்பாகச் சொன்னால் தங்கை திருத்துகிறார். தங்கை நீட்டினால் அக்காள் முறைக்கிறார். பழைய சண்டை முழுதும் தீர்ந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது நேருக்கு நேராகச் சண்டை போடுகிறார்கள். அன்புமணிக்கு எடுத்துச் சொல்லும் வேலை போய்விட்டது!

இப்போது கைதட்டுங்கள். நன்றாகத் தட்டுங்கள். அவர்களுக்காக!

பெரியோர்களே, தாய்மார்களே! என் நெஞ்சில் இருக்கும் ஒரே வேண்டுகோளைச் சொல்லி அமர்கிறேன். நம் மாவட்டத்தில் தினமும் மண் தோண்டுகிறோம். கிணற்றுக்குத் தோண்டுகிறோம், வீட்டுக்குத் தோண்டுகிறோம், சாலைக்குத் தோண்டுகிறோம். எத்தனை கல்மரம் சல்லியாய்ப் போனதோ! எத்தனை சங்கு சாலைக்கடியில் போனதோ! எத்தனை எலும்பு யாரும் பாராமல் லாரி ஏறிப் போனதோ! கோடி ஆண்டு காத்திருந்த ஒன்றை உடைக்க ஒரு நிமிடம் போதும். உடைத்த பிறகு உலகமே கூடி வந்தாலும் ஒட்ட முடியுமா? அழிந்த உயிர்கள் திரும்பி வரப்போவதில்லை. அவை இருந்தன என்பதற்கு நம் காலடி மண்ணைத் தவிர வேறு சான்று இல்லை. நிலம் உங்களுடையதாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்துக்கு உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால், ஒரு நாழிகை, ஒரே ஒரு நாழிகை, இயந்திரத்தை நிறுத்துங்கள். கூப்பிடுங்கள். நாங்கள் ஓடி வருகிறோம்.

கூப்பிடுவார்களா என்று கேட்கிறீர்களா?

இன்று காலை நான் இந்த மேடைப் படியில் கால் வைக்கும்போது என் கைப்பேசி அடித்தது. விருத்தாசலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். பேசியவர் பெயர் தேவசகாயம். எனக்கு முன்பின் தெரியாதவர். பண்ணைக்குட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார். "மேடம், ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்டு சுருண்டு ஒரு கல்லு. வரி வரியா இருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, குழி பூரா கெடக்குது. இது ஏதாவது முக்கியமான பொருளா?" என்றார்.

அம்மா, ஐயா, அது அம்மோனைட்டாகத்தான் இருக்க வேண்டும்! டைனோசர் தரையில் நடந்த காலத்தில் கடலில் நீந்திய உயிர். சுருள் ஓட்டுக்குள் உடம்பை வைத்துக்கொண்டு, அறை அறையாய் வீடு கட்டிக்கொண்டு, அலை அலையாய்ப் பெருகிய உயிர். டைனோசர் மாண்ட காலத்திலேயே அதுவும் அடியோடு மாண்டது. மேற்கே அந்த மானாவாரிக் காட்டில், சோளமும் கம்பும் விளைகிற அந்தக் கட்டாந்தரையில், ஒரு காலத்தில் கடல் கிடந்தது என்பதற்கு அதுதான் சான்று!

"முக்கியமான பொருள்தாங்க. வண்டி ஓடுதா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். பாத்ததுமே பொக்லைன நிறுத்திட்டேன். ஆனா வாடகை வண்டி, ரொம்ப நேரம் புடிச்சி வைக்க முடியாது. சீக்கிரம் வாங்க." மேடையில் பேசி முடித்ததும் கிளம்பிவிடுகிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஆகவே தலைவர் அவர்களே, பொன்னாடையைப் பொறுத்தருளுங்கள். ஜெயராணி அம்மா, சாப்பாட்டில் என் இலையை இன்னொருவருக்குப் போடுங்கள். இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்களுக்கும், ஒலிபெருக்கித் தம்பிக்கும், தங்கள் வாழ்வையே இந்த மேடையில் வைக்க மனம் கொடுத்த பவானி, ரேகா இருவருக்கும் என் நன்றியையும் வணக்கத்தையும் நின்றபடியே சொல்லிக்கொள்கிறேன். அங்கே ஒருவர், அந்தப் பழைய கடலின் கரையில், வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நான் போக வேண்டும்.